முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

கார்கில் வெற்றி தினம், கொடிநாள் வசூல், ஆயுள் சான்று முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

ஞாயிறுதோறும் உறுப்பினர்களின் ஆவணங்களைப் பார்க்கும் வேலைக்கு இவ்வளவு நேரம் வேண்டுமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் டிசபிலிட்டி பென்ஷனுக்கு, அதாவது படைப்பணியால் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியத்துக்கு, புதிய விதிகள் வந்தன. 'பழைய ஆட்களுக்கும் இனி கிடையாது' என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, நம்மில் சிலர் எழுதி வைத்த மனுவைக்கூட அனுப்பாமல் விட்டார்கள். அந்தத் தேதிக்கு முன் வெளியே வந்தவர்களுக்குப் பழைய விதிகள்தான். அந்த உரிமையில் யாரும் கை வைக்கவில்லை.

ஆகஸ்டில், படையில் நாயக் பதவியில் இருந்த ஒருவரின் மனைவி துணிப்பையோடு வந்தார். கணவர் வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். ஊனத்தை மதிப்பிட்ட படை மருத்துவர் குழுவின் மெடிக்கல் போர்டு தாள் மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. 20 சதவீதம் ஊனம், கீழே 'பணியால் ஏற்பட்டதல்ல' என்று ஒரே வரி, காரணம் கிடையாது. படையில் சேர்ந்த அன்று எழுதிய பக்கத்தில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு. இதை வைத்து அந்த நாயக்குக்காகப் போட்ட மனு இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இருக்கிறது. அவர் நம் சங்கத்தில் பத்து வருட உறுப்பினர். அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தாமதமானால் நஷ்டம் நமக்குத்தான். வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுப் பாக்கிதான் பொதுவாகக் கிடைக்கிறது.

இனி சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிப் பேர்கூடக் கட்டவில்லை. பொதுக்குழுவுக்கு வராதவர்கள், 2024 ஜூலை 1 முதல் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திருத்தம் என்றதும் இரவு பத்து மணிக்குப் போன் செய்து 'எனக்கு எவ்வளவு ஏறும், செயலாளரே?' என்று கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் விடவில்லை. ஆனால் ஜெராக்ஸ், தபால், சென்னை போய்வரும் செலவு எல்லாம் கட்டியவர்களின் பணம்.

வரவுக்குள் செலவு அடங்கியது, சிறு இருப்பு உண்டு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

இடம் தந்த மண்டப உரிமையாளர், தணிக்கையாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஞாயிறு வேலையை நான் ஒருவனாக இழுக்க முடியாது. கண் பார்வையும் முன்போல் இல்லை. படையில் கிளார்க் டிரேடில், அதாவது எழுத்தர் பணியில், இருந்தவர்கள் நம்மிலேயே நாலைந்து பேர் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை வந்தால் போதும். வரும்போது படையிலிருந்து வெளியே வரும்போது தந்த உங்கள் டிஸ்சார்ஜ் புக்கையும், அப்புறம் சந்தா பாக்கியையும் கையோடு கொண்டு வாருங்கள்.

செயலாளர்