தவணை நிறைவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்மொழித் தினப் போட்டியிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும் பிள்ளைகள் திறமையாகச் செய்தார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். முன்னேற்ற அறிக்கைகளை வெள்ளிக்கிழமை பெற்றுக்கொள்ளலாம்.

தரம் 9 பிள்ளைகளின் ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுலா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் நுவரெலியாவில் தங்கி, காலை ஆறு மணிக்கே பட்டிப்பொல வாயிலுக்குப் போய்விட்டோம். ஒன்பது, பத்து மணியானால் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பனிமூட்டம் மூடிவிடும் என்பதால்தான் அந்த அவசரம். பைகளைச் சோதித்த உத்தியோகத்தர்கள் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பொலித்தீன் உறைகூட எடுக்கவில்லை. எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்திருந்தார்கள். அதற்கு வீட்டில் மெனக்கெட்ட அம்மாமாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சில பெற்றோர் தங்கள் கார்களில் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்திருந்தார்கள். பிள்ளையை முதன்முறை இவ்வளவு தூரம் அனுப்பும்போது மனம் பதறுவது இயல்பு. நானும் பிள்ளை வளர்த்தவள்தான். அதனால் அன்று காலை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நடைபாதை சுற்றி வர ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். உலக முடிவில் 43 பேர். பேக்கர் நீர்வீழ்ச்சியில் எண்ணினால் 41. அதற்குள் மூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியவில்லை. தொலைபேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி வந்த வழியே திரும்பி ஓடினார்கள். அந்தப் பக்கம் 800 மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்துப் பள்ளம். நாற்பது நிமிடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, பிள்ளைகள் இருவரும் தரிப்பிடத்தில் காருக்குள் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஒருவருக்குக் கால் வலி என்றதால் தந்தை இருவரையும் வந்த வழியே கூட்டிப் போயிருக்கிறார். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களைத் தேடிப் போன ஆசிரியை ஒருவர் பஸ்ஸில் ஏறிய பின்னும் நடுங்கிக்கொண்டே இருந்தார்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இனிப் பாடசாலைச் சுற்றுலாவில் பெற்றோர் வாகனங்கள் பின்தொடரக் கூடாது. பொறுப்பாசிரியரிடம் கையொப்பமிடாமல் எந்தப் பிள்ளையையும் இடையில் அழைத்துச் செல்லக் கூடாது. மீறினால் அந்தப் பிள்ளை அடுத்த சுற்றுலாவில் சேர்க்கப்படமாட்டார். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அந்தத் தந்தை மறுநாளே வந்து ஆசிரியர்களிடம் மனம் வருந்திப் பேசினார். அது பெரிய மனம். அவரைப் பற்றி யாரும் குறைவாகப் பேச வேண்டாம்.

விடுமுறையில் குடும்பத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்த இடம் அது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. விடியற்காலைக் குளிருக்குத் தடித்த உடுப்பு எடுங்கள். காரை மெதுவாக ஓட்டுங்கள், மூட்டத்தில் மரை மான்கள் சட்டென்று வீதிக்கு வந்துவிடும். அவை யன்னலருகே வந்தாலும் தீனி கொடுக்க வேண்டாம்.

இத்தவணை முழுவதும் எங்களோடு துணை நின்ற உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்