தோமையார் மலைச் சிலுவையின் மேல் பேனாக் கோடு வேண்டாம்

மதிப்பிற்குரிய அஞ்சல் அதிகாரிகளுக்கும், கவுண்டரில் சீல் குத்தும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

1973 ஜூலை 3 அன்று வந்த 20 பைசா தபால்தலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோமையார் மலை என்னும் பரங்கிமலைக் கோயிலின் கற்சிலுவை படம் போட்டது. அப்பா அப்போதே நாலு வாங்கி வைத்தார். கடைசியாக மிஞ்சிய ஒன்றை, இந்த ஜூலை 3 தோமையார் திருநாளில், இன்றைய கட்டணத்துக்கான தபால்தலைகளோடு உறையில் ஒட்டி அக்காவுக்கு அனுப்பினேன். அவள் கல்யாணம் அந்த மலைக் கோயிலில்தான் நடந்தது. திருநாள் தேதியோடு சீல் விழுந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வாள் என்று ஆசை.

"ஓரமா ஒரு வட்ட சீல், தெளிவாப் போட்டுடுங்க சார்" என்று கவுண்டரில் கேட்டேன். "வச்சுட்டுப் போங்க, போட்டுடுவோம்" என்றார்கள்.

ஐந்தாம் நாள் உறை போய்ச் சேர்ந்தது. சீலே இல்லை. சிலுவையின் மேல் மூலைக்கு மூலை பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு கோடு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. "அப்பா வச்சிருந்ததுடா" என்றாள் அக்கா போனில். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

அந்தக் கல், 1547இல் போர்ச்சுகீசியர் மலை உச்சியில் கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து. பாரசீகக் கிறிஸ்தவர்களோடு இந்தக் கரைக்கு இருந்த பழைய உறவின் அடையாளம். இன்றும் அதன் முன்னால் மக்கள் முழந்தாளிடுகிறார்கள். 1964இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வந்த சமயத்தில் வெளியான 15 பைசா தலையிலும் தோமையார்தான். ஆனால் அது இத்தாலியில், ஓர்டோனா பேராலயத்தில் இருக்கும் சிலை. நம் மலைக் கல்லைத் தபால்தலையில் பார்க்க 1973 வரை காத்திருந்தோம். அதைத் தேர்ந்து அச்சிட்டவர்களுக்கு இருந்த அக்கறை, சீல் குத்தும் மேசையில் ஏன் இல்லை?

ஒட்டிய தலையை யாரும் திரும்பப் பயன்படுத்திவிடக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. அதற்குத்தானே சீல்? சிலுவை மட்டுமில்லை, கோபுரமானாலும் பள்ளிவாசலானாலும் பேனாக் கோடு வேண்டாம். சிறப்புத் தலைகள் சிற்றூர் கவுண்டருக்கு வந்து சேருவதே அபூர்வம். தேடி அலைந்து வாங்கி ஒட்டினால், அதையும் கிறுக்கி அனுப்புகிறீர்கள். அப்புறம், கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டது என்று நீங்களே வருத்தப்படுகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: பேனா வேண்டாம். காயாத மைப்பஞ்சு, தேதி தெரியும் வட்ட சீல், தலையின் ஓரத்தில் ஒரே ஒரு குத்து. சீல் படாமல் வந்துவிட்டால் பட்டுவாடா செய்யும் இடத்திலும் அதே சீலைப் போடச் சொல்லுங்கள்.

டிசம்பர் 18 மலை மாதா திருநாள். அன்றைக்கு அக்காவுக்கு இன்னொரு உறை அனுப்பப் போகிறேன். அந்த 1964 தலை ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து, வட்ட சீல்.

பணிவுடன்,
பரங்கிமலையில் பிறந்த ஒரு தபால்தலைச் சேகரிப்பாளன்