ஓடு வேய்ந்த டிஸ்க்

சோமனூர்,
ஞாயிறு பொழுதோட

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. நாஸ் பெட்டிக்கு டிஸ்க் வாங்குவது பற்றி நீ கேட்டிருந்தாயே, அதே விஷயத்தில்தான் மூன்று வாரமாகச் சிக்கிக் கிடந்தேன். வீட்டு சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. சின்னவள் பத்தாவது, எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். தறி நாலு நாள் ஓடினால் மூன்று நாள் நிற்கிறது, அதை நேரில் பேசலாம்.

சரி, டிஸ்க் விஷயம். வீட்டு ஃபைல்களையெல்லாம் ஒரே இடத்தில் போட்டு நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்கிற என் நாஸ் பெட்டி உனக்குத் தெரியும், பழைய கம்ப்யூட்டரில் அதற்கான ட்ரூநாஸ் மென்பொருளை ஏற்றி, நாலு டெராபைட் டிஸ்க் நாலு போட்டு, ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும்படி ரெய்டு இசட்1 என்ற முறையில் கட்டி வைத்திருக்கிறேன். தறி டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது, போனால் மறுபடி வரைந்துகொள்ளலாம். ஆனால் என் அம்மாவைப் பெற்ற அமுச்சி பொடக்காலியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே பாடின நடவுப் பாட்டு நாற்பது நிமிஷம் இருக்கிறதே, அது போனால் யாரிடம் போய்க் கேட்பேன்?

பட்டிப் பொங்கலன்று வீடு நிறைய ஒரம்பரை, அன்றைக்குத்தான் மூன்றாவது டிஸ்க் சரியில்லை என்று பெட்டியிடமிருந்து மெயில் வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் 197 என்று ஒரு வரி உண்டு, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கிற செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின் கணக்கு. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது, மறுநாள் 24, அதற்கு அடுத்த நாள் 112. இனி வைத்திருக்கக் கூடாது என்று கோயமுத்தூரில் ஒரு கடையில் புதுசு வாங்கி வந்தேன். அதே கம்பெனி, அதே அளவு, லேபிள் நிறம்கூட அதேதான், மாடல் நம்பரின் கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, பழையதற்குப் பதில் இதில் எல்லாவற்றையும் எழுதிக்கொள் என்கிற ரீப்ளேஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் ஜோராக ஓடியது. அப்புறம் மீதி நேரம் என்று அது காட்டுகிற கணக்கு 14 மணியிலிருந்து ஏறி ஏறி 6 நாளில் போய் நின்றது, விடியக்காலம் எழுந்து பார்த்தால் புது டிஸ்க்கையே கெட்டது என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. எனக்கு வெசனமாகிவிட்டது, ஏனென்றால் அந்த நேரத்தில் மூன்று டிஸ்க்தான் உயிரோடு, நாலும் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு ஓடினவை, இன்னொன்று சாய்ந்தால் எல்லாம் போச்சு. உடனே புது டிஸ்க்கை அதிலிருந்து விலக்கிவிட்டுப் பழையதையே திரும்பப் பூட்டினேன். நல்ல வேளை, அது இல்லாத நேரத்தில் மாறினதை மட்டும் எழுதிக்கொண்டு சேர்ந்துகொண்டது. அமுச்சி பாட்டையும் போட்டோக்களையும் அன்றைக்கே வேறொரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் மறுவேலை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிள் மோசமென்றால் ஸ்மார்ட்டில் 199 என்ற வரி ஏறும், அது பூஜ்யத்திலேயே நின்றது, இருந்தாலும் கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். பெட்டியைத் திறந்தபோது முன் ஃபேன் வலையில் பஞ்சு அப்பிக் கிடந்தது, விரலால் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி ஒரே துண்டாக உரிந்து வருகிறது, தறிக் குடோனுக்குப் பக்கத்து அறையில் வைத்தால் வேறென்ன ஆகும். அதை எடுத்ததும் டிஸ்க் சூடு 47 டிகிரியிலிருந்து 38க்கு இறங்கியது. நல்லதுதான், ஆனால் வியாதி அதுவல்ல. புது டிஸ்க்கைத் தனியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நீண்ட சோதனை ஓட்டினேன், ஒரு குறை இல்லை. கடைசியில் சின்னச் சின்ன ஃபைல்களை அங்கங்கே விடாமல் எழுதவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வேகம், அப்புறம் நொண்டி நொண்டி, அப்புறம் பல விநாடிகள் பேச்சு மூச்சில்லை. மாடல் நம்பரை எழுத்து எழுத்தாகத் தேடினபோதுதான் தெரிந்தது, அது எஸ்எம்ஆர் ரகம்.

இதை நீ அவசியம் புரிந்துகொள்ள வேண்டும். டிஸ்க்கில் எழுதுகிற முனை அகலம், படிக்கிற முனை குறுகல். அதனால் எழுதும் தடங்களை நம் பழைய வீட்டுக் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் போட்டால் அதே தட்டில் அதிகம் கொள்ளும், படிக்கவும் தடையில்லை. ஆனால் நடுவில் ஒரு ஓடு உடைந்தால் மேலே படிந்திருக்கிற ஓடுகளைத் தூக்கித்தானே மாற்ற முடியும்? அதுபோல ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க, வருவதையெல்லாம் முதலில் சாதாரணமாக எழுதி வைக்க டிஸ்க் ஒரு தனி இடம் வைத்திருக்கும், சும்மா இருக்கிற நேரத்தில் அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் அடுக்கும். புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிற ரீபில்ட் ஓடும்போது சும்மா இருக்கிற நேரம் ஏது? அதுவும் ட்ரூநாஸ் ஃபைல்களை வைக்கிற முறையான இசட்எஃப்எஸ் துண்டு துண்டாக அங்கங்கே எழுதக் கூடியது. அந்த இடம் நிரம்பி, டிஸ்க் பதில் சொல்லாமல் நிற்க, இது செத்துவிட்டது என்று பெட்டி வெளியே தள்ளிவிடுகிறது. நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகளிலும் சில இந்த ரகம்தான் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது, அதுவரை அட்டையில்கூடப் போடவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனிடம் இதைச் சொல்லாமல் விற்றது அநியாயம்.

கடைக்காரர், ஓடுகிற டிஸ்க்கை எப்படித் திருப்பி எடுப்பது என்று கேட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. மறுபடி காசு போட்டு, தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத ரகமான சிஎம்ஆர் என்று விவரத் தாளில் இருக்கிறதா என்று பார்த்து ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை பழையதைக் கழற்றவில்லை, காலியாக இருந்த ஐந்தாவது போர்ட்டில் புதியதை மாட்டி ரீப்ளேஸ் கொடுத்தேன். பழையது நொண்டினாலும் படிக்க முடிகிற வரை அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், முடியாததை மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளும். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் அந்த இரவு தூக்கம் கெட்டிருக்காது. 11 மணி நேரத்தில் முடிந்தது. ஆகவே நீ பெட்டி வாங்கும்போது டிஸ்க்குக்கு வேண்டியதைவிட ஒரு இடம் கூடுதலாக இருக்கிற மாதிரிப் பார்த்து வாங்கு, வாங்கின டிஸ்க்கை உடனே பூட்டாமல் இரண்டு நாள் தனியாகச் சோதனை ஓட்டு.

அந்த எஸ்எம்ஆர் டிஸ்க்கையும் வீணாக்கவில்லை. ஒரு தடவை வரிசையாக எழுதி வைத்துவிடுகிற வேலைக்கு அது தாராளமாகப் போதும், யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு முழு பேக்கப் எடுத்திருக்கிறேன். சித்திரையில் நீ வரும்போது அதை உன் கையில் கொடுக்கிறேன், ஓசூரிலேயே வைத்துக்கொள், இரண்டும் இந்த ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். அமுச்சி பாட்டை நேற்று முழுசாகக் கேட்டுச் சரிபார்த்தேன். இருபத்தாறாவது நிமிஷத்தில், "அமுச்சி, காப்பி ஆறுது பாருங்க" என்று உன் குரல் இருக்கிறது.

உன் கூட்டாளி