பெயர்ப்பலகை இல்லாத படம்

மயிலாடுதுறை

அன்புள்ள சேது,

எந்த ரயில்வே ஸ்டேஷன் என்று கண்டுபிடிக்கச் சொல்லி நீ அனுப்பிய படம் வந்து பதினோரு நாளாகிறது. விடையைக் கண்டுபிடித்த பிறகுதான் பேனாவைத் தொடுவது என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன். நேற்று இரவு சாப்பாடு முடிந்து மறுபடியும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தபோது பிடிபட்டது. பகவதிபுரம். சரிதானே?

இந்த முறை நீ பெயர்ப்பலகையின் மஞ்சள் ஓரம்கூடத் தெரியாமல் வெட்டிவிட்டாய். ஊர்ப்பெயரை மட்டும் மறைத்து, அடியில் இருக்கும் கடல்மட்ட உயரத்தை விட்டுவிட்டதால்தானே போன தடவை ஒரு நொடியில் கண்டுபிடித்தேன். அதனால் இப்போது கட்டடத்தையும் மலையையும் வைத்தே யோசிக்க வேண்டியதாயிற்று.

குழாயடியில் ஒருவர் வேப்பங்குச்சியால் பல் துலக்குகிறார். அப்படியானால் காலை நேரம். பின்னால் இருக்கும் மலை முழுக்க வெயில் வாங்கிப் பளிச்சென்று நிற்கிறது, மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருக்கிறது. காலை வெயில் முகத்தில் படுகிற மலை நமக்கு மேற்கே இருக்க வேண்டும். மலையாளக் கரையில் நின்று எடுத்திருந்தால் அந்த நேரத்தில் மலை கறுப்பாகத்தான் விழுந்திருக்கும். ஆகவே ஆரியங்காவு இல்லை, தென்மலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, நம் பக்கம். மலை அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் செங்கோட்டையும் இல்லை. சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஊர் எது? அங்கே வந்து நின்றேன்.

இன்னொரு தடயத்தை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. பழைய ஓட்டுக் கட்டடம் பிளாட்பாரத்தை விடத் தாழ்ந்து கிடக்கிறது. இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை இருந்த காலத்தில் பிளாட்பாரம் தரையோடு தரையாக இருந்தது. அகலப்பாதை போட்டபோது அதை உயர்த்தினார்கள், கட்டடத்தை உயர்த்த முடியவில்லை. பாதை மாறிய எந்தப் பழைய ஸ்டேஷனிலும் நான் முதலில் இதைத்தான் தேடுவேன். டிக்கெட் கொடுத்த ஜன்னல் இடுப்பளவுக்கு இறங்கிப் போயிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டு வாசலை விடத் தெரு உயர்ந்துபோன பழைய அக்கிரகாரங்கள் நினைவுக்கு வரும்.

1904-இல் திறந்த அந்தச் செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டியில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது கீழே சாலையில் போன பஸ்காரர் கை காட்டியதும், சுரங்கம் முடிந்து வெளியே வந்தபோது காற்றின் வாசனையே மாறியிருந்ததும் இன்னும் அப்படியே இருக்கின்றன. 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 2018-இல் அகலப்பாதை வந்துவிட்டது. நீ தென்காசியில் மகள் வீட்டில் இருக்கும் வரை வாரம் ஒரு முறையாவது அதில் ஏறிப் புனலூர் வரை போய் வா. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி, ஜன்னலோரம் விடாதே.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். மழை இந்த வருடம் பரவாயில்லை. என் முழங்கால் வலி மாத்திரைக்கு அடங்குகிறது. பேரன் பத்தாம் வகுப்பு. அவனுக்கு லீவு விட்டதும் ஒரு காரியம் செய்தோம், அதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

அவனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு நம் பழைய தரங்கம்பாடி ரயில் பாதையைத் தேடிப் போனேன். சாலை வழியாகப் போவதற்கு ஒரு மணி நேரம் போதும். நாங்கள் காலையில் கிளம்பி மாலை வரை அலைந்தோம். டவுன் ஸ்டேஷன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி என்று நான் ஒப்பிக்க ஒப்பிக்க அவன் திரும்பிப் பார்த்தான். நாள் தவறாமல் சொல்லும் பாராயணம் போல அது என் வாயில் வந்தது. மூன்று வருடம் நீ பொறையாரிலிருந்தும் நான் ஆக்கூரிலிருந்தும் மன்னம்பந்தல் கல்லூரிக்கு வந்து போன வண்டியல்லவா? நீ எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய், துண்டை விரித்து.

வயல் நடுவே ஒரு மேடு நேராக ஓடுகிறது. இங்கே வரப்பு வளையும், வாய்க்கால் வளையும், மாட்டுத்தடமும் வளையும். வளையாமல் போகிற ஒன்றைக் கண்டால் அது ரயில் போட்ட மண் என்று தெரிந்துகொள்ளலாம். பேரனுக்கு இதைச் சொன்னதும் அவனே அடுத்தடுத்து கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டான். வாய்க்கால் குறுக்கிடும் ஓரிடத்தில் செங்கல் மதகு ஒன்று மேலே எதுவும் இல்லாமல் நிற்கிறது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வழி கேட்டேன். "ரயில் மேட்டைத் தாண்டி இடது கைப்பக்கம் போ" என்றார். தண்டவாளத்தைப் பார்த்திருக்கவே முடியாத அவருடைய பேத்தியும் அதே வார்த்தையைச் சொல்லி எங்களுக்குக் கை காட்டினாள்.

1926-இல் ஓடத் தொடங்கி 1986-இல் நின்ற பாதை. அறுபது வருடம். அது நின்ற பிறகும் மேடு என்ற சொல்லாக அந்தக் குழந்தையின் வாயில் இருக்கிறது. மூணாறு மலையில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறதே, போகிறவர்கள் எல்லாரும் அதைக் காட்சிமுனை என்றுதான் நினைக்கிறார்கள். அங்கே உண்மையிலேயே ஸ்டேஷன் இருந்தது. 1902-இல் முதலில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டி, 1908-இல் சிறிய ரயில், மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகளை மேலே கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் போடி பக்கம் கோட்டகுடிக்கு இறக்குவார்கள். 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. நூறு வருடமாகப் பெயர் மட்டும் மலையுச்சியில் நின்றுகொண்டிருக்கிறது.

நீ போன கடிதத்தில் தனுஷ்கோடிப் படம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், சேது. அந்த இடிந்த சுவரை யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள் என்பது காரணம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி ஊரை எட்டுவதற்குள் புயல் அலையில் போயிற்று. நூறு பேருக்கு மேல். கப்பல் ஏறித் தலைமன்னார் போக வேண்டியவர்களும் வீட்டுக்குத் திரும்பியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அதை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நம் பாதை இனி வராது என்று நீ எழுதியதை நான் ஏற்கவில்லை. மதுரையிலிருந்து போகும் போடிப் பாதையை நினைத்துப் பார். 1928-இல் வந்தது. 1942-இல் யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1954-இல் மறுபடியும் வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். பதினோரு வருடத்துக்கு மேல் தேனிக்காரர்கள் பஸ்ஸில் மதுரைக்கு அலைந்தார்கள். 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வண்டி வந்தபோது ஜனங்கள் மாலையோடு நின்றார்கள். நமக்குக் கிட்டத்தில், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கும் 2023 ஏப்ரலில் வண்டி திரும்பியது. உப்பளத்து ஊருக்குத் திரும்பிய வண்டி கோட்டையும் கடலும் இருக்கிற ஊருக்கு ஏன் வரக்கூடாது? மண் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எனக்கு ஆசை இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள ஸ்டேஷன்களை நாம் இத்தனை வருடமாகப் படத்தில் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம். நம் மன்னம்பந்தல் ஸ்டேஷனுக்கு நம்மிடம் ஒரு படம் கிடையாது. அந்த நாளில் நம் யாரிடமும் கேமரா இல்லை. பேரன் அன்று மேட்டின் மேல் நின்று, "தாத்தா, ஸ்டேஷன் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கைகாட்டி இறங்கும் சத்தம் காதில் இருக்கிறது. கரி எஞ்சின் நின்றதும் தோள்பையில் விழும் தூசு இருக்கிறது. வண்டி போக அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடிவரும் போர்ட்டரின் காக்கிச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாததுகூட இருக்கிறது. கட்டடம் கிழக்கே பார்த்ததா மேற்கே பார்த்ததா என்பது நழுவிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இந்த முறை உனக்குப் புதிர் இல்லை. இத்துடன் இருப்பது நான் வரைந்த படம். அளவு தாளில், ஸ்கேல் வைத்து, நினைவில் இருக்கிற வரைக்கும் மன்னம்பந்தல் ஸ்டேஷனை வரைந்திருக்கிறேன். டிக்கெட் ஜன்னல், சிமெண்ட் பெஞ்ச் இரண்டு, தண்டவாளத் துண்டில் செய்த மணி, குடிதண்ணீர்ப் பானை, எல்லாம் போட்டிருக்கிறேன். புளியமரத்தை பென்சிலால்தான் வரைந்திருக்கிறேன், அது பெஞ்சுக்கு எந்தப் பக்கம் என்று உனக்குத்தான் தெரியும். அதன் அடியில்தான் நீ பரீட்சைக்குப் படித்தாய். தப்பை எல்லாம் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. போனில் சொல்லாதே, தாளிலேயே திருத்து.

அன்புடன்,
கலியமூர்த்தி