ஃபெஸ்லேர்ந்து அக்காவுக்கு: வெள்ளிக்கிழமை மட்டும் வந்து இறங்காதீங்க

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்க மொராக்கோவுல நல்லா இருக்கேன். இதை அம்மாவுக்கு படிச்சு காட்டும்போது கொஞ்சம் மெதுவா படி, போன தடவை நீ படிச்ச வேகத்துல நான் கழுதை மேல ஏறி வேலைக்கு போறேன்னு நெனச்சுகிட்டு அம்மா போன்ல ஒரே அழுகை. கழுதை இருக்கிறது பழைய ஊருக்குள்ள. நான் ரூம் எடுத்திருக்கிறது பிரெஞ்சுக்காரன் கட்டுன புது டவுன்ல, வேலை டொக்காரத் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல, காலைல சிவப்பு டாக்ஸி புடிச்சு போறேன், மீட்டர் போடுறான், சண்டை இல்ல.

நீங்க டூர் வர்றதுக்கு மாமா அனுப்புன லிஸ்ட் பாத்தேன். யூட்யூப்ல பாத்து எழுதுனாருன்னு நல்லாவே தெரியுது. மராகேஷ், வீடெல்லாம் நீலம் அடிச்ச ஷெஃப்ஷாவென் ஊரு, பாலைவனத்துல ஒட்டகம், எல்லாத்தையும் ஒரே வாரத்துல. அந்த மெர்சூகா பாலைவனம் இங்கேர்ந்து 450 கிலோமீட்டருக்கு மேல, மலையெல்லாம் ஏறி இறங்கி ஒரு முழு பகல் வண்டிலயே போயிடும், சின்னவன் வாந்தி எடுத்தே செத்துடுவான். நான் சொல்றத கேளுங்க, நாலு நாள் ஃபெஸ்லயே தங்குங்க. அதுவும் வேலை நாளா பாத்து வாங்க. இந்த ஊர்ல பாக்க வேண்டியது கோட்டை கொத்தளம் இல்ல, ஜனங்க வேலை செய்றதுதான். வெள்ளிக்கிழமை வந்து இறங்குனீங்கன்னா மத்தியானத்துக்கு மேல பாதி கடை சாத்தி இருக்கும், தொழுகை முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்கு போயி கூஸ்கூஸ் சாப்பிட்டு படுத்துடுவாங்க, நீங்க சாத்துன கதவை பாத்துகிட்டே நடக்கணும். ரம்ஜான் மாசமும் வேணாம், பகல்ல ஊரே டல்லா இருக்கும். ஏப்ரல்தான் சரி. ஜூலை ஆகஸ்ட்ல வெயில் நம்ம வேலூருக்கு சளைச்சது இல்ல, அதுக்கு இவ்ளோ காசு செலவு பண்ணி இங்க வரணுமா.

பழைய ஊருக்கு பேரு ஃபெஸ் அல் பாலி. எட்டாம் நூற்றாண்டு கடைசில இத்ரிஸ்னு ஒரு ராஜா ஆரம்பிச்சது, அவரு மகன் பெருசாக்கினாரு. 1981ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. உள்ள கார் பைக் எதுவும் கிடையாது, சந்து அவ்ளோ குறுகல், சில எடத்துல மாமா தோளு ரெண்டு பக்க சுவத்துலயும் இடிக்கும் (வயிறுன்னு எழுத வந்தேன், வேணாம்னு விட்டேன்). கேஸ் சிலிண்டர்லேர்ந்து கோக் பாட்டில் வரைக்கும் கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமக்குது. பின்னாடிலேர்ந்து "பாலக் பாலக்"னு கத்துனா திரும்பி பாக்காத, உடனே சுவரோட சுவரா ஒட்டிக்கோ. பாபு பூஜ்லூத்னு ஒரு வாசல், வெளிப்பக்கம் நீலம் உள்பக்கம் பச்சை, எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, பழசுன்னு நெனச்சுக்காத, அது 1913ல கட்டுனதுதான். அங்கேர்ந்து தலா கபீரான்னு ஒரு தெரு எறங்கிகிட்டே போகும், அத புடிச்சு போனாலே முக்கால்வாசி ஊரு வந்துடும். "ரோடு மூடியிருக்கு, நான் வழி காட்றேன்"னு பசங்க வருவானுங்க, ரோடெல்லாம் ஒண்ணும் மூடலை, காசுக்குத்தான். சிரிச்சுகிட்டே ஷுக்ரான்னு நன்றி சொல்லிட்டு நடந்துகிட்டே இருங்க. இந்தியான்னு தெரிஞ்சா ஷாருக்கான் அமிதாப்னு கூப்பிட்டு இந்தி பாட்டு பாட ஆரம்பிச்சுடுவாங்க, எனக்கு இந்தி வராதுன்னா நம்ப மாட்டேங்குறாங்க, இந்த பஞ்சாயத்துக்கு இங்கயும் முடிவு இல்ல.

இப்போ முக்கியமான விஷயம். ஷுவாரா. பழைய தோல் ஷாப்பு, அதாவது தோல் பதம் போடுற எடம். ஆம்பூர்ல பொறந்துட்டு அத பாக்காம போகக் கூடாது. சுத்தி இருக்கிற லெதர் கடைங்களோட மாடில ஏறித்தான் பாக்கணும், வாசல்லயே கைல புதினா குடுப்பான், மூக்குகிட்ட வெச்சுக்கிறதுக்கு. வெள்ளைக்காரங்க எல்லாம் புதினாவுக்குள்ள மூஞ்சிய பொதைச்சுகிட்டு நிக்கிறாங்க. நீ அத வாங்கி டீல போட்டுக்க, நமக்கு எதுக்கு. கீழ பாத்தீன்னா கல்லும் சாந்தும் வெச்சு கட்டுன வட்ட வட்ட தொட்டி, வெள்ளையா ஒரு கூட்டம், கலர் கலரா ஒரு கூட்டம். வெள்ளை தொட்டி நம்ம சுண்ணாம்பு தொட்டியேதான், முடி கழல்றதுக்கு. அப்புறம் புறா எச்சம் கரைச்ச தண்ணில ஊற வைப்பாங்க, தோல் மெத்துன்னு ஆகுறதுக்கு, கைடு அத பெரிய ரகசியம் மாதிரி சொல்லுவான். நம்ம கம்பெனில டிரம்முக்குள்ள பேட்டிங் பவுடர் போடுறோமே அதுவும் இதே வேலைக்குத்தான், பவுடர்ல இருக்கிற மாதிரி என்ஸைம் புறா எச்சத்துலயும் இருக்கு, அவ்ளோதான் ரகசியம். தாத்தா ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு பதம் போட்டது எனக்கு லேசா ஞாபகம் இருக்கு, நம்ம ஊர்ல அந்த தொட்டியெல்லாம் போயி டிரம் வந்துடுச்சு, இங்க அந்த தொட்டிக்குள்ள இன்னும் ஆளு தொடை வரைக்கும் இறங்கி கால்ல மிதிக்கிறான். டூரிஸ்ட்டு மேலேர்ந்து போட்டோ எடுக்கிறான், அழகுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த ஆளு முட்டியும் இடுப்பும் சாயங்காலம் எப்படி இருக்கும்னு நமக்கு தெரியும்ல. அதனால மாடில நின்னு "ஐயே நாத்தம்"னு மட்டும் சின்னவனை சொல்ல விடாத, அவன் தாத்தாவும் அந்த நாத்தத்துலதான் நம்மள வளத்தாரு.

பாத்துட்டு எறங்கும்போது கடைல ஏதாவது வாங்க சொல்லுவான். வாங்கணும்னு கட்டாயம் இல்ல, 10, 20 திர்ஹம் குடுத்துட்டு வந்துடலாம் (ஒரு திர்ஹம் நம்ம காசுக்கு ஒம்போது பத்து ரூபா வருது). வாங்குறதுன்னா நான் இல்லாம வாங்காத. லைட்டரை கொளுத்தி தோல்கிட்ட காட்டி "பாரு எரியல"ன்னு சொல்லுவான், அத பாத்து மயங்காத, கலர் நிக்குமா நிக்காதான்னு அதுல தெரியவே தெரியாது. வெள்ளை கைக்குட்டைய தண்ணில நனைச்சு ஓரத்துல அழுத்தி தேய், கலர் ஒட்டுச்சுன்னா கீழ வெச்சுடு, உன் புடவைலதான் அது நாளைக்கு வந்து ஒக்காரும். மஞ்சள் கலர் குங்குமப்பூன்னு சொல்லுவான், அந்த விலைக்கு குங்குமப்பூவா, இப்போ கெமிக்கல் டை இங்கயும் தாராளமா ஓடுது. ஆனா ஆட்டுத்தோல்ல பண்ற அந்த மஞ்சள் பாபூஷ் செருப்பு மாமாவுக்கு ஒரு ஜோடி கண்டிப்பா எடுக்கலாம், தையல் நல்லா இருக்கு. "கள்ளிப்பட்டு"ன்னு பளபளன்னு சால்வை விப்பான், அதுல பெரும்பாலும் ரேயான்தான், கலர் புடிச்சா ரேயான் விலைக்கு வாங்கு.

அடுத்தது சஃபாரின். கராவியீன் பள்ளிவாசலுக்கு பின்னாடி ஒரு சின்ன மைதானம், சுத்தி செம்பு பாத்திரம் அடிக்கிறவங்க. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுற அண்டா எல்லாம் அங்கதான் அடிக்கிறாங்க, ஒருத்தன் அடிக்கிற தாளத்துக்கு எதிர்ல இருக்கிறவன் வேணும்னே எசப்பாட்டா அடிப்பான். அங்க ஒரு டீ வாங்கிகிட்டு ஒரு மணி நேரம் சும்மா ஒக்காரலாம், அது ஒண்ணுக்கே காசு சரியா போச்சு. கராவியீன் 859ல பாத்திமா அல் ஃபிஹ்ரின்னு ஒரு அம்மா கட்ட வெச்சதுன்னு சொல்றாங்க, அப்பா சொத்தா வந்த பணத்துலயாம். நம்ம பக்கம் விஜயாலய சோழன் தஞ்சாவூரை புடிச்ச சமயம் அது. அன்னிலேர்ந்து பாடம் நடக்குதுன்னும், உலகத்துலயே பழைய யுனிவர்சிட்டின்னு பெருமையா சொல்லிக்கிறாங்க. முஸ்லிம் இல்லாதவங்க உள்ள போக முடியாது, கதவு திறந்திருக்கும்போது வாசல்ல நின்னு முற்றத்த பாக்கலாம். அந்த குறைக்கு பூ இனானியா மதரஸா இருக்கு, 1350கள்ல மரீனி வம்சத்து சுல்தான் கட்டுனது, டிக்கெட் வாங்குனா நம்மளையும் விடுவாங்க. கீழ கலர் ஓடு, நடுவுல சுண்ணாம்பு செதுக்கல், மேல தேவதாரு மரம், ஒரு கை அகலம் கூட சும்மா விடல. அரண்மனை பித்தளை கதவு, யூதர்கள் இருந்த மெல்லா தெரு, அதெல்லாம் ஒரு சாயங்காலத்துல முடிச்சுடலாம்.

சின்னவனுக்கு அய்ன் நொக்பில மண்பாண்டம் பண்ற எடம் ரொம்ப புடிக்கும். ஆலிவ் கொட்டைய போட்டு சூளை எரிக்கிறாங்க. கலர் ஓட்ட உளி மாதிரி சுத்தியால தட்டி நட்சத்திரம் நட்சத்திரமா எடுக்கிறான், தரையில கவுத்து போட்டு அடுக்குறான், அதாவது கலர் பக்கம் கீழ, அவன் கண்ணுக்கு எல்லா துண்டும் ஒரே மண் கலர்தான், எது எங்க போகணும்னு மனசுலயே வெச்சிருக்கான். மேல சாந்து ஊத்தி காஞ்சதும் தூக்கி நிறுத்துனாத்தான் டிசைன் தெரியும். நான் பாத்துட்டு மேஸ்திரி ஒருத்தர்கிட்ட கேட்டேன், தப்பா போச்சுன்னா இன்னா பண்ணுவீங்கன்னு, போகாதுன்னு சொல்லிட்டு வேலைய பாக்க போயிட்டாரு.

சாப்பாடு. மாமா சனிக்கிழமை கவிச்சி தொட மாட்டாரே, அன்னிக்கு பிசாரா இருக்கு, காஞ்ச மொச்சை ஜாதில ஒரு பயறு கரைய கரைய வேக வெச்சு ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டு தருவான், காலைல சுட சுட ரொட்டியோட. ஹரீரா சூப்புல கறி இருக்கும், காய்கறி கூஸ்கூஸ்னு சொன்னாலும் கறித்தண்ணில வெந்திருக்கும், கேட்டுக்கணும். உனக்கும் எனக்கும் பஸ்தீலா. புறாவோ கோழியோ பாதாமோட சேத்து மெல்லிசு மாவுல சுருட்டி சுட்டு மேல சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுவாங்க, கறிக்கு மேல சர்க்கரையான்னு மூஞ்சி சுளிக்காத, ஒரு வாய் தின்னுட்டு சொல்லு. தெருவுக்கு ஒரு பொது அடுப்பு இருக்கு, ஃபர்ரான்னு, வீட்டுல பெசஞ்ச மாவ பலகைல வெச்சு புள்ளைங்க தூக்கிட்டு போவாங்க, எந்த ரொட்டி எந்த வீட்டுதுன்னு அடுப்புக்காரருக்கு அடையாளம் தெரியும். கறிக்கடைல ஒட்டகத் தலைய தொங்க விட்டிருப்பான், அம்மாவுக்கு படிக்கும்போது இத விட்டுடு.

ஹம்மாம்னு இங்க பொது குளியல் எடம், அதுக்கு ஒரு நாள் கண்டிப்பா போ அக்கா. பொம்பளைங்களுக்கு தனி நேரம் இல்லேன்னா தனி எடம். ஆலிவ்ல பண்ண கருப்பு சோப்பு பூசி, சூட்டுல ஒக்கார வெச்சு, சொரசொர கையுறை போட்டு தேச்சு விடுவாங்க, அழுக்கு திரி திரியா வருமாம், என் ரூம் பக்கத்து வீட்டம்மா உன்னை கூட்டிட்டு போறேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. வெட்கப்பட்டா ஒண்ணும் நடக்காது, அங்க யாரும் யாரையும் பாக்கறதில்ல.

நேரம் மிச்சம் இருந்தா வொலுபிலிஸ், ரோமன்காரன் விட்டுட்டு போன ஊரு, ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம், தரைல போட்ட மொசைக் படம் இன்னும் திறந்த வெளிலயே கிடக்கு. அஸ்ரூ காட்டுல வாலில்லாத குரங்கு இருக்கு. ரெண்டுல ஒண்ணு போதும்.

சென்னைலேர்ந்து துபாய் இல்ல தோஹா மாத்தி காசாபிளாங்கா, அங்கேர்ந்து ட்ரெயின்ல நாலு மணி நேரத்துல ஃபெஸ், ஸ்டேஷனுக்கு நான் வந்துடறேன். நல்ல பிடிமானம் உள்ள செருப்பு போட்டுக்கிட்டு வா, தலா கபீரால எறங்குறது சுலபம் ஏறுறதுதான் தெரியும். ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேணும். புளி அரை கிலோ, வீட்டு மிளகாத்தூள், அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ரெண்டு கவர் சுத்தி எடுத்துட்டு வா. மாமா லீவு உறுதியானதும் தேதிய அனுப்பு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அனுப்பு, கிழமைய நான் பாத்து சொல்றேன்.

அன்புடன்
உன் தம்பி