கார்த்திகையில் நட்ட முப்பது நாற்று

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். நீ பேசுகிற வேகத்துக்கு என்னால் யோசிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

அங்கே அமீரகத்தில், அல் ஐன் பக்கம் நீ பார்த்த பசுமைக்குடில் படங்களை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் வரிசையாகத் தொட்டி, ஓரத்தில் தொங்கும் சிவப்புப் பழம். “பாலைவனத்திலேயே ஸ்ட்ராபெரி விளையுதும்மா, கன்னடியன் கால்வாய்த் தண்ணி பாயுற நம்ம வயல்ல விளையாதா?” என்று கேட்டாய். நியாயமான கேள்விதான்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தோம். கார்த்திகை முதல் வாரம் கொடைக்கானலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம் இல்லையா, அங்கே ஒரு தோட்டத்தில் 30 ஸ்ட்ராபெரி நாற்று வாங்கி வந்தோம். நீ இந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. தேங்காய் நார்க்கழிவும் மக்கிய தொழுவுரமும் கலந்து தொட்டியில் நட்டோம். குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது, போனால் அழுகிவிடும் என்று நாற்றுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார், அப்படியே நட்டோம். 15 தொட்டி மாட்டுத்தொழுவத்துக்கு வடக்கே நிழல்வலைக்குக் கீழே. மீதி 15 தொட்டிக்கு அப்பா மூங்கிலை வளைத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சின்னதாக ஒரு குடில் கட்டினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர். காலை, மத்தியானம், ராத்திரி என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்கழியில் பூத்தது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தைப் பொங்கலன்று பழுத்த முதல் நான்கு பழத்தைக் கரும்பு, மஞ்சள் கொத்தோடு சேர்த்து வைத்துத்தான் சூரியனைக் கும்பிட்டோம். அப்பா அன்றைக்கே உனக்குப் போட்டோ அனுப்பப் போனார். நான்தான் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். பொறுத்தது நல்லதாயிற்று.

தை முடிவதற்குள் எல்லாம் சேர்த்து நாற்பது பழம் போலக் கிடைத்தது. மாசியில் ஒரு மொட்டுகூட இல்லை. செடி வாடவில்லை, இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஓடுகொடி நான்கு பக்கமும் போகிறது. பூ மட்டும் இல்லை. நாற்றுக்காரருக்குப் போன் போட்டேன். மொட்டு நம் வீட்டில் உண்டானதே இல்லையாம். மலைக் குளிரில் குருத்துக்குள்ளேயே கட்டி முடித்துத்தான் செடி நம்மிடம் வந்திருக்கிறது. தாய் வீட்டுச் சீரோடு வந்த பெண் மாதிரி. கொண்டுவந்தது தீர்ந்ததும், புதிதாக மொட்டுக் கட்ட நம்மூர் அதற்கு ஒத்துவரவில்லை.

ராசா, இதைத்தான் நீ யோசிக்க வேண்டும். முதல் வருஷம் யார் குடில் போட்டாலும் முதல் பழம் வரும், போட்டோ எடுக்கலாம். அதைப் பார்த்துப் பணத்தைப் போட்டுவிடாதே.

இந்தச் செடிக்குப் பகல் 20 முதல் 25 டிகிரி, ராத்திரி 10 முதல் 13 டிகிரி இருந்தால்தான் சந்தோஷம். பகல் பொழுது குறைந்தால் மொட்டுக் கட்டும் வகை இது. அதில் நமக்குக் குறை இல்லை, இங்கே வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ராத்திரிதான் குறுக்கே நிற்கிறது. என் நோட்டில் மார்கழி விடியற்காலையில்கூட 21க்குக் கீழே ஒரு நாளும் இல்லை. அப்பா கட்டிய குடிலுக்குள் மத்தியானம் 41 வரை போயிருக்கிறது. குளிர் நாட்டில் சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான் பசுமைக்குடில் கட்டினார்கள். நாம் சூட்டை வெளியே தள்ள வேண்டும்.

பாலைவனத்தில் எப்படி என்று கேட்பாய். அங்கேயும் பழம் வருவது குளிர்காலத்தில்தானே? உங்கள் ஊரில் ஜனவரி ராத்திரி 13, 14 டிகிரிக்கு இறங்குகிறது, நீயே போர்வை கேட்டிருக்கிறாய். இன்னொன்று, அங்கே காற்று வறண்டது. ஈரத் தட்டி வைத்து ஃபேன் போட்டு இழுத்தால் நன்றாகக் குளிரும். நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பார். சித்திரையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஐப்பசி மழையில் அப்படி இருக்காது. காற்றிலேயே ஈரம் இருந்தால் தட்டியில் உள்ள தண்ணீர் எங்கே ஆவியாகும்? அப்புறம் மெஷின் போட்டுத்தான் குளிர வைக்க வேண்டும். கரண்ட் பில்லை நீதான் கட்ட வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றும் இருக்கிறது. கடையம் போகும் வழியில் ஒருவர் வெள்ளரிக்காகப் போட்ட பாலிஹவுஸில் இப்போது வெறும் கம்பிதான் நிற்கிறது. தாள் கிழிந்து பனைமரத்தில் தொங்கியதை நானே பார்த்தேன்.

எனக்கு நிழலில் பயிர் வைப்பது புதிது இல்லை. தூத்துக்குடி பக்கம் ஆத்தூரில் உன் தாத்தா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். முதலில் அகத்தி விதைப்பார், அது ஆளுயரம் வந்த பிறகுதான் வெற்றிலைக் கொடி நடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். சித்திரை வெயிலில் நுழைந்தாலும் உடம்பில் குளுமை படும். மழைக் காலத்தில் அகத்தியைக் கழித்து வெளிச்சம் விடுவார், கோடையில் கை வைக்க மாட்டார். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லையே என்று அழுதேன். அந்தக் கொடிக்காலும் பசுமைக்குடில்தான். அந்த மண்ணும் ஆற்றுத் தண்ணீரும் கேட்ட பயிருக்காகக் கட்டியது.

இன்னொன்று கண்டேன், உனக்குப் பிடிக்கும். மூடிய குடிலுக்குள் காய்த்த பழம் பாதிக்கு மேல் கோணல், ஒரு பக்கம் சூம்பிப் போனது. நிழல்வலைக்குக் கீழே காய்த்தது உருண்டு திரண்டு இருந்தது. தொழுவச் சுவர் ஓட்டையில் கொசுத்தேனீ கூடு வைத்திருக்கிறதே, அதுதான் காரணம். பழத்தின் மேலே இருக்கும் ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் சேர வேண்டும், சேராத இடத்தில் சதை வளராது. மூடிய குடிலில் தேனீக்கு வழி இல்லை. நீ எதைக் கட்டினாலும் தேனீயை மறந்துவிடாதே.

வராதே என்று அம்மா சொல்லவில்லை. வா. ஆனால் 8 வருஷச் சம்பாத்தியத்தை இதில் போடாதே. மானியம் வந்தாலும் மீதி உன் வியர்வை. அப்பா ஒரு யோசனை சொல்கிறார். கால்வாய் ஓரத்து 20 சென்டில் தாழ்வாக நிழல்வலை போட்டு, கத்தரி, மிளகாய், தக்காளிக் குழித்தட்டு நாற்று வளர்க்கலாம். அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் நாற்று வாங்க ஆள் இருக்கிறது. ஸ்ட்ராபெரி ஆசை விடவில்லை என்றால், வருஷா வருஷம் கார்த்திகையில் மலையிலிருந்து 200 நாற்று வாங்கி, தைப் பழம் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். வாழைத்தார் மாதிரி காயாக வெட்டிப் பழுக்க வைக்க முடியாது, பறித்த பின் இனிப்பு ஏறாது. பக்கத்திலேயே விற்கிற அளவுக்கு மட்டும் போதும்.

அந்தப் பண்ணைக்கு அடுத்த தடவை போனால் மூன்று விஷயம் கேட்டு எழுது. உள்ளே ராத்திரி எத்தனை டிகிரி, ஒரு மாதக் கரண்ட் பில் எவ்வளவு, நாற்று எங்கிருந்து வருகிறது. என் நோட்டில் அதற்காக ஒரு பக்கத்தை விட்டு வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா