பிளாக்செயின் அடையாளம்: முதலில் கேட்பவருக்கு வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாக்செயின் (எழுதியதை எளிதில் மாற்ற முடியாதபடி பல கணினிகளில் ஒரே சமயத்தில் வைக்கப்படும் மின்னணுப் பதிவேடு) அடிப்படையிலான மின்னணு அடையாளம் வந்துவிட்டால் அவரவர் தகவல் அவரவர் கையிலேயே இருக்கும் என்று அண்மைக்காலமாகப் பத்திரிகைகளிலும் கருத்தரங்குகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. குடியாத்தத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவன் என்ற முறையில், ஒரு சான்றிதழுக்காக மக்கள் படும் பாட்டை அன்றாடம் பார்க்கிறேன். மேற்படி கருத்தில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். நம் தகவல் எந்தக் கணினியில் இருக்கிறது என்பதைவிட, நம்மிடம் கேட்பவர் எதுவரை கேட்கலாம், நாம் தர மறுத்தால் நம் வேலை நடக்குமா என்பதைப் பொறுத்தே அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்பது அமையும். இதற்கான விதிகளை வகுக்காமல் தொழில்நுட்பத்தை மட்டும் விரிவாக்குவது ஆபத்தானது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

தொழில்நுட்பத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. இன்று ஒருவர் தம் வயதை நிரூபிக்க ஆதார் அட்டையைக் கொடுத்தால், வயதோடு பெயர், முகவரி, புகைப்படம், 12 இலக்க எண் அத்தனையும் எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேர்கின்றன. புதிய முறையில் சான்றை வழங்கும் அலுவலகம் அதில் மின்னணுக் கையொப்பமிட்டு நம் செல்பேசியில் உள்ள பெட்டகத்தில் சேர்த்துவிடும். அந்தக் கையொப்பம் மெய்யானதா என்று பார்ப்பதற்கான பொதுத் திறவுகோல் (எவரும் பார்க்கக்கூடிய ஒரு குறியீடு) மட்டும் பிளாக்செயினில் இருக்கும். 1985-இல் கோல்ட்வாசர், மிக்காலி, ரேக்காஃப் ஆகிய மூவர் முன்வைத்த கணித முறையின் வழிவந்த உத்திகளைக் கொண்டு, பிறந்த தேதியைச் சொல்லாமலே ஒருவருக்கு 18 வயது நிறைந்துவிட்டது என்பதை மட்டும் நிரூபிக்கவும் முடியும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இத்தகைய பரவலாக்கப்பட்ட அடையாளத்துக்கான தரத்தை 2022 ஜூலையில் இறுதி செய்தது. பூடான் 2023-இல் நாடு முழுமைக்குமான மின்னணு அடையாளத் திட்டத்தை இந்த வழியில் தொடங்கியது. தமிழ்நாடு 2020-இலேயே பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டு, நம்பிக்கை இணையம் என்ற கட்டமைப்பையும் சான்றிதழ்களுக்கான இ-பெட்டகம் என்ற செயலியையும் உருவாக்கியிருக்கிறது. ஆகவே இது எங்கோ நடக்கும் விவாதம் அன்று. நம் மாநிலத்தின் காரியம்.

ஆனால் குறைவாகக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளும் வசதி நமக்குப் புதிதா? முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதார், ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண் ஆகியவை பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளியை அழைத்து வந்து நள்ளிரவில் அறை தேடி நிற்கும் ஒருவர் எட்டு இலக்கம் மறைத்த நகலை நீட்டினால், ‘இது செல்லாது, முழு ஜெராக்ஸ் கொடுங்கள்’ என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது. விடுதிக்காரர் தங்குபவரின் அடையாளத்தைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது முறைதான். அதற்கு ஆதார் எண் முழுவதும் எதற்கு? நகைக்கடன், மகளிர் குழுக் கடன், வீட்டு வாடகை, சிம் கார்டு என்று எதற்குப் போனாலும் இதே கதைதான். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் குழுக் கடன் கேட்ட பெண்களிடம் வாங்கிய நகல்கள் அந்த நிறுவனத்தின் கிளை இடம் மாறியபோது பழைய பேப்பர் கடையில் மூட்டையாகக் கிடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் அந்தப் பெண்ணின் கையொப்பமோ கைநாட்டோ இருந்தது.

தனியார் நிறுவனங்கள் ஆதார் சரிபார்ப்பைக் கோர இடமளித்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று செல்லாது என்று அறிவித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டாம் என்று 2022 மே மாதம் பெங்களூருவிலுள்ள ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகம் விடுத்த எச்சரிக்கை ஓரிரு நாளில் திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தீர்ப்பும் வசதியும் இருந்தும் நடைமுறை மாறாததற்குக் காரணம் ஒன்றுதான். கேட்பவர் கை ஓங்கியிருக்கிறது, கொடுப்பவருக்கு அவசரம் இருக்கிறது. பிளாக்செயின் இந்தச் சமன்பாட்டைத் தானாக மாற்றிவிடாது.

இன்னும் சொன்னால், கொடுப்பது எளிதாக எளிதாகக் கேட்பதும் கூடும். இன்று சாதிச் சான்று வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. அதைக் கேட்பதென்றால் கேட்பவருக்கே சற்றுக் கூச்சம் இருக்கும். அடையாளமும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஒரே செயலியில் அடுத்தடுத்து இருக்கும் நாளில், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ‘பெட்டகத்தைத் திறந்து காட்டுங்கள்’ என்று வீட்டுக்காரர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊர்த் தெருக்களில் வாடகை வீடு தேடி அலைந்த யாருக்கும் இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நடைமுறைப்படுத்திய மின்னணு அடையாளச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. மின்னணுப் பெட்டகத்திலிருந்து தகவல் பெற விரும்பும் எந்த நிறுவனமும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, எதற்காக எந்தத் தகவலைக் கேட்கப் போகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்கு மேல் கேட்கக் கூடாது. அந்தச் சட்டம் பிளாக்செயினைக் கட்டாயமாக்கவே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சாதிச் சான்றை கல்வி, வேலைவாய்ப்பு, நலத்திட்டம் தவிர வேறு எதற்கும் எவரும் கேட்க முடியாதபடி செயலியிலேயே தடை வைப்பது நம் அரசுக்கும் இயலக்கூடியதே.

அடுத்தது, பிளாக்செயினில் எதை எழுதுவது என்பது. தகவலை அப்படியே எழுத மாட்டோம், அதைக் கணித முறையில் சுருக்கிப் பெறும் ஹாஷ் என்ற குறியீட்டை மட்டுமே எழுதுவோம், ஹாஷிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லப்படுகிறது. ஒரு நீண்ட ஆவணத்துக்கு இது பொருந்தும். ஆதார் எண்ணுக்குப் பொருந்தாது. ஆதார் எண்ணின் முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருப்பதில்லை. கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். எனவே சாத்தியமான எண்கள் மொத்தம் 8,000 கோடிதான். மலைப்பாகத் தோன்றும் இந்த எண்ணிக்கை, நல்ல கிராபிக்ஸ் கார்டு பொருத்திய ஒரே கணினிக்குச் சில நிமிட வேலை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஹாஷ் கணக்கிட்டு, பதிவில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பிறந்த தேதி இன்னும் மோசம்: நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும் 36,525 நாட்களுக்கு மேல் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் தனி இரகசிய எண்ணைக் கலந்து ஹாஷ் செய்வதன் மூலம் இதைத் தடுக்கலாம் என்றாலும், அந்த இரகசிய எண் கசிந்தால் பதிவை அழிக்க வழியில்லை. அழிக்க முடியாமை பிளாக்செயினின் பெருமையாகச் சொல்லப்படுகிறது; 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ தம் தகவலைத் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் 12-ஆம் பிரிவில் நமக்கு உரிமை தருகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் தனிமனிதரைப் பற்றிய எதையும், ஹாஷ் உட்பட, பிளாக்செயினில் எழுதக் கூடாது. சான்று வழங்கும் அலுவலகங்களின் பொதுத் திறவுகோல்களும், எவருடையது என்று வெளியார் அறிய முடியாத வகையில் அமைந்த இரத்தான சான்றுகளின் பட்டியலும் அங்கே இருந்தால் போதும்.

தகவல் கசியாவிட்டாலும் தடம் கசியலாம். ஒருவர் தம் பெட்டகத்தை எந்த நாளில், எந்த இடத்தில் காட்டினார் என்பது ஒரே அடையாளக் குறியின்கீழ்ப் பதிவாகிக்கொண்டே போனால், பெயர் இல்லாமலே அவருடைய வாழ்க்கையைப் படித்துவிடலாம். வேலூருக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். சொந்த ஊரில் எவருக்கும் தெரியாமல் சிகிச்சை பெறுவதற்காக ஆயிரம் கிலோமீட்டர் கடந்து இங்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் பாகாயத்தில் ஒருவர் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினார் என்பது வெளியே தெரிந்தால் அவருடைய மருத்துவக் குறிப்பைத் தனியே திருட வேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு அடையாளக் குறியைப் பயன்படுத்தவும், காட்டிய தடம் பொதுப் பதிவிலோ அரசுக் கணினியிலோ சேராமல் பார்த்துக்கொள்ளவும் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. அதைக் கட்டாயமாக்குவது அரசின் முடிவைப் பொறுத்தது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது பெட்டகத்தைத் திறக்கும் திறவுகோல் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி. எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, மடித்து, நூல் கட்டி விரல் நுனி வழவழப்பாகிவிடுவதால் ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை அறிவேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் இரசாயனத்தில் கைவைத்து வேலை செய்பவர்களுக்கும் இதே நிலைமை. அத்தகைய ஓர் அம்மா மையத்துக்கு வரும்போது கையில் பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கும். அதற்குள் ரேஷன் கார்டும், நான்காக மடித்த காகிதத்தில் ஒரு செல்பேசி எண்ணும் இருக்கும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அது ஷூ கம்பெனியில் வேலையிலிருக்கும் மகனுடைய எண். பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி மகனை அழைத்து, ‘தம்பி, நம்பர் வந்திச்சா பாரு, அண்ணன்கிட்ட சொல்லு’ என்பார். மகன் சொல்லும் ஆறு இலக்கங்களை அந்த அம்மா உரக்கத் திருப்பிச் சொல்ல, வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மகன் எடுக்கவில்லையென்றால் அன்றைய வருகை வீண். அரை நாள் கூலியும் போச்சு.

இந்த அம்மாவுக்கு நாளை பிளாக்செயின் பெட்டகம் கொடுத்தால் அது மகன் செல்பேசியில்தான் இருக்கும். சில வீடுகளில் கணவருடைய செல்பேசியில், சில வீடுகளில் மாமனாருடையதில். அவருடைய சம்மதம் என்பது வேறொருவர் விரலால் அழுத்தப்படும் பொத்தானாகிவிடும். செல்பேசி தொலைந்தாலோ உடைந்தாலோ பெட்டகத்தை மீட்க 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்வது இத்துறையில் பரவலாக உள்ள வழக்கம். எங்களிடம் வருபவர்களில் பலர் அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்து வைத்துவிடுவார்கள். என்மீது அவர்களுக்கு உள்ள மதிப்பு பெரிது. ஆனால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் திறவுகோல் ஒரு மைய நடத்துநரின் மேசை இழுப்பறையில் இருப்பதைத் தனிமனிதக் கட்டுப்பாடு என்று எவரும் சொல்ல முடியாது. மீட்புக்கு வேறு வழி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நேரில் வந்து பழைய திறவுகோலை இரத்து செய்து புதிய சான்று பெறும் வசதி வேண்டும். செல்பேசியே இல்லாதவருக்குக் கையொப்பமிட்ட க்யூஆர் குறியோடு கூடிய அட்டை, அதே மதிப்போடு, கிடைக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டம் பெட்டகத்தைப் பயன்படுத்தாதவருக்குச் சேவையை மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்று சொல்கிறது. அந்த வரி நம் அரசாணையிலும் இடம்பெற வேண்டும்.

பிளாக்செயினை நடத்தும் கணினிகள் அனைத்தும் ஒரே துறையின் கீழ் இருந்தால், மாற்ற முடியாத பதிவு என்ற உறுதிமொழிக்குப் பொருள் இல்லை. அந்தத் துறை நினைத்தால் மாற்றிவிடலாம். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்களிலும் நீதித்துறையிலும் அவற்றைப் பிரித்து வைக்கலாம்.

சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் பெற 2023-ஆம் ஆண்டுச் சட்டமே நமக்கு உரிமை தந்திருக்கிறது. அதே சட்டம் மானியமும் சான்றிதழும் வழங்கும் அரசு அமைப்புகளுக்குச் சம்மதம் பெறுவதிலிருந்து விலக்கும் தந்திருக்கிறது என்பதால், மாநில அரசு தானே முன்வந்து தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டால்தான் உண்டு. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இந்த இடைவெளியில் தகவல் தொழில்நுட்பத் துறை ஒரு சோதனை ஓட்டத்தை நடத்தலாம். அதைச் சென்னையின் மென்பொருள் வளாகங்களில் நடத்தாமல் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும், பீடித் தொழிலாளர்களையும் தோல் தொழிலாளர்களையும் கொண்டு நடத்தி, எத்தனை பேருக்கு வேலை முடிந்தது, எத்தனை பேர் எந்தக் காரணத்தால் திரும்பிப் போனார்கள் என்ற விவரத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். அதற்குப் பிறகே இத்திட்டத்தை மற்ற வட்டங்களுக்கு விரிவாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இ-சேவை மைய நடத்துநர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.